எப்போது காற்றடிக்கும், எப்போது மழை வரும் என்று தெரியாத ஊரில் ரிமோட் விமானச் சாகசப் போட்டி நடத்துவது எப்படி: கொங்கு நாட்டுக்கான முழு வழிகாட்டி

கொங்குப் பக்கம் ரிமோட் விமானம் ஓட்டத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. பொறியியல் கல்லூரி ஏரோமாடலிங் குழுக்கள், என்.சி.சி. விமானப் பிரிவில் பழகியவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபோம் விமானத்தைக் காரில் போட்டுக்கொண்டு காலி நிலம் தேடிப் போகிறவர்கள் என்று பல வகை. இந்திய விமானப் படையின் சாரங் ஹெலிகாப்டர் குழு சூலூரிலிருந்து பறந்து பழகியதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது, ஆசைக்கும் குறைவில்லை. ஆனால் லூப், ரோல், ஸ்டால் டர்ன் போன்ற வான்சாகச உருவங்கள் தெரிந்தவர்களை வரிசையாக ஓட்டவைத்து மதிப்பெண் போடுகிற போட்டி என்று பேச்செடுத்தால், 'காத்து அடிச்சா என்ன பண்றது, மழை வந்தா என்ன பண்றது' என்ற இடத்திலேயே பேச்சு நின்றுவிடுகிறது.

நிற்க வேண்டியதில்லை. ஒரே ஒரு விஷயத்தை மாற்றி யோசித்தால் போதும்: போட்டியை ஒரு 'நாள்' என்று திட்டமிடாதீர்கள், 'சுற்று' என்று திட்டமிடுங்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் காற்றில் ஒரு தடவை ஓட்டி முடித்தால் அது ஒரு சுற்று. அப்படி முழுசாக முடிந்த ஒரு சுற்று இருந்தாலே அது செல்லுபடியாகும் போட்டி. அரைகுறையாக நின்ற மூன்று சுற்றுகள் இருந்தால் அது போட்டியே இல்லை. கீழே சொல்லப்போவது எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

மாதம் பார்ப்பது

நம் காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக் காற்று மலையைத் தாண்ட முடியாத இடங்களில் முட்டி நிற்கிறது, இந்த இடைவெளியில் மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு வேகமாக உள்ளே வருகிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது இதனால்தான். வைகாசிக் கடைசியில் ஆரம்பித்து ஆவணி வரைக்கும் மேற்கிலிருந்து வரும் இந்த மேல்காற்று ஓயாது, அதிலும் மதியத்துக்கு மேல் தரை சூடேறியபின் இன்னும் பலமாக அடிக்கும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், ஒரு கிலோ ஃபோம் விமானத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த மாதங்களை விட்டுவிடுங்கள்.

ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக்கு உரியவை. பங்குனி, சித்திரையில் காலை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மதியம் உழுத காட்டில் மண்ணைச் சுருட்டிக்கொண்டு சுழற்காற்று எழும்பும், சாயங்காலம் இடியோடு கோடை மழை வரும். மிச்சம் இருப்பது தை, மாசி. காலையில் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும், வந்தாலும் கிழக்கிலிருந்து கீழ்க்காற்றாக, மேல்காற்றின் மூர்க்கம் இல்லாமல் வரும். பொள்ளாச்சியில் வெப்பக் காற்று பலூன் திருவிழாவை ஜனவரியில் வைப்பதும், அங்கே அதிகாலையிலேயே பலூன்கள் மேலே போவதும் இதே காரணத்துக்குத்தான்.

ஆனால் எல்லோருக்கும் தை, மாசி அமையாது. செமஸ்டர், பரீட்சை, நிலத்துக்காரர் வசதி எல்லாம் பார்த்தால் பலருக்குப் புரட்டாசியோ பங்குனியோதான் கிடைக்கும். அப்போது காற்று திரும்புகிற காலம், எதையும் முந்தின நாள்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த வழிகாட்டி முக்கியமாக அவர்களுக்குத்தான்.

நிலம் தேடுவது, அனுமதி வாங்குவது

நிலத்தைப் பார்க்கப் போகுமுன் வரைபடத்தைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் நம்முடைய மாடல் விமானங்களையும் சேர்த்தே பேசுகின்றன. விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து முதல் 5 கிலோமீட்டர் சிவப்பு மண்டலம், அங்கே ஆசையே படக் கூடாது. அடுத்து 8 கிலோமீட்டர் வரை மஞ்சள், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி வேண்டும். 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடி வரைதான் பச்சை, அதாவது அந்த அனுமதி இல்லாமல் ஓட்டலாம். அதற்கு வெளியே, வேறு தடை எதுவும் இல்லாத இடத்தில், 400 அடி வரை, அதாவது 120 மீட்டர் வரை பச்சை. பீளமேட்டில் விமான நிலையம், கிழக்கே சூலூரில் விமானப் படைத் தளம், இரண்டுக்கும் இடையில் தூரமும் அதிகமில்லை, ஆகவே கோவையின் கிழக்குப் பக்கம் முழுக்க நமக்கு ஆகாது. இந்த மண்டலங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் உங்கள் நிலத்தின் இடத்தைக் குறித்துப் பார்த்து, அந்தப் படத்தைத் தேதியோடு சேமித்து வையுங்கள். போட்டி வாரத்தில் இன்னொரு தடவை பாருங்கள், மண்டலங்கள் மாறக்கூடியவை.

விமானத்தின் எடை 2 கிலோவைத் தாண்டக் கூடாது என்று போட்டி விதியிலேயே வைத்துவிடுங்கள். 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை, வணிக நோக்கம் இல்லாமல் ஓட்ட ரிமோட் பைலட் உரிமம் தேவையில்லை. பதிவையும் மூன்றாம் நபர் காப்பீட்டையும் ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும், நுழைவுப் படிவத்திலேயே அதைக் கேளுங்கள். எடை குறைந்தால் விழும்போது ஆபத்தும் குறையும், அந்த ஒரு காரணமே போதும். இதோடு ஊராட்சித் தலைவருக்கும் அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வானத்தில் எதுவோ பறக்கிறது என்று யாராவது போன் செய்தால் அந்தத் தாள்தான் பேசும்.

நிலம் என்றால் என் மனதில் முதலில் வருவது காங்கயம், மூலனூர் பக்கத்துக் கொறங்காடு. கொழுக்கட்டைப் புல் படர்ந்த மேய்ச்சல் தரை, சுற்றிக் கிளுவை வேலி, விமானம் விழுந்தாலும் புல் தாங்கும். ஆனால் நடுவே வெள்வேல மரங்கள் நிற்கும், மரம் இல்லாத பெரிய பட்டியாகப் பார்க்க வேண்டும். அறுவடை முடிந்த சோளக்காடும் நல்லதுதான். செம்மண்ணாக இருந்தால் மழை பெய்து சில மணி நேரத்தில் கால் வைக்கலாம், கரிசல் மண் நனைந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், செருப்போடு சேர்ந்து வரும். காற்றைத் தவிர்க்க வேண்டும் என்றால் கணவாய்க்கு நேர்கோட்டிலிருந்து வடக்கே விலகி, அந்தியூர் பக்கத்து மேட்டுக்காடுகளைப் பார்க்கலாம்.

உயர் மின்கம்பி, தென்னந்தோப்பு, காற்றாலை மூன்றும் அருகில் இருக்கக் கூடாது என்பது சொல்லாமலே தெரியும். பலர் மறப்பது கோழிப்பண்ணையை. பல்லடம், நாமக்கல் பக்கம் எந்தத் திசையில் திரும்பினாலும் ஒரு ஷெட் இருக்கும். மேலே நிழல் பாய்ந்தாலோ சத்தம் வந்தாலோ கோழிகள் மிரண்டு ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நசுங்கிச் சாகும், அது ஒருவருடைய பிழைப்பு. பண்ணை கண்ணில் பட்டால் வேறு நிலம் பாருங்கள்.

நிலத்துக்காரரிடம் பேசும்போது ஒரு தேதியை மட்டும் கேட்காதீர்கள். "ஐயா, இந்த ஞாயித்துக்கிழமைங்க. மழையோ காத்தோ கெடுத்துருச்சுன்னா அடுத்த ஞாயித்துக்கிழமைங்க. ரெண்டு நாளும் மாடு ஓட்டாம விட்டுக் கொடுக்கணுங்க" என்று இரண்டு நாளையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மாற்று நாள் இல்லாத போட்டியை இந்த ஊரில் அறிவிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஓடுதளமும் பார்வையும்

இந்த இடத்தில் கொங்கு நாட்டுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. நம் காற்று வருஷத்தில் பெரும்பாலான நாள் மேற்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோதான் வருகிறது. அதனால் ஓடுதளத்தைக் கிழக்கு மேற்காக, 60 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலத்துக்குப் புல் வெட்டிச் சமப்படுத்தி, விமானிகளை வடக்குப் பார்த்து நிற்க வையுங்கள். காற்று ஓடுதளத்தோடு ஓடும், பக்கக் காற்று குறையும். சூரியனோ காலையில் வலது கைப் பக்கம், சாயங்காலம் இடது கைப் பக்கம், மதியம் தலைக்கு மேலேயோ முதுகிலேயோ இருக்கும், பறக்கிற பகுதிக்குள் வராது. சர்வதேச விதியிலும் சூரியன் பறக்கும் பகுதிக்குள் வந்தால் போட்டியை நிறுத்தச் சொல்கிறார்கள், கண் கூசினால் விமானி விமானத்தைத் தொலைத்துவிடுவார் என்பதால்.

ஓடுதளத்துக்கு வடக்கே ஆள், மாடு, வண்டிப் பாதை எதுவும் இருக்கக் கூடாது. தெற்கே விமானி, அவருக்குப் பின்னால் 7 முதல் 10 மீட்டரில் நடுவர்கள், அதற்கும் பின்னால் குறைந்தது 30 மீட்டர் தள்ளிக் கயிறு கட்டிப் பார்வையாளர்கள். ஊர்ப் பிள்ளைகள் கட்டாயம் வருவார்கள், வரட்டும், அவர்களைக் கயிற்றுக்குப் பின்னால் உட்காரவைத்து என்ன நடக்கிறது என்று விளக்கிச் சொல்ல ஒருவரை மைக்கோடு நிறுத்துங்கள்.

120 மீட்டருக்குள் ஒரு பெட்டி

மனிதர்கள் ஏறி ஓட்டும் சாகச விமானங்களுக்குப் போட்டிப் பெட்டி, அதாவது சாகசங்களை உள்ளே முடிக்க வேண்டிய வான்பகுதி, 1000 மீட்டர் நீளம், அகலம், உயரம். உலகளவில் ரிமோட் விமானங்களுக்கான எஃப்3ஏ பிரிவில் பெட்டியைக் கோணத்தால் அளக்கிறார்கள்: விமானியிடமிருந்து சுமார் 150 மீட்டர் தள்ளி, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 60 டிகிரி, உயரமும் 60 டிகிரி. கணக்குப் போட்டுப் பாருங்கள், 150 மீட்டர் தூரத்தில் 60 டிகிரி என்றால் உச்சி 260 மீட்டர். நமக்கு அனுமதி இருப்பது 120. அந்த விதியை அப்படியே எடுத்து வைத்தால் முதல் லூப்பிலேயே சட்டத்தை மீறியிருப்போம்.

ஆகவே பெட்டியைச் சுருக்குங்கள். தூரத்தை 70 மீட்டர் ஆக்கினால் அதே 60 டிகிரியில் உச்சி ஏறக்குறைய 120 மீட்டரில் வந்து நிற்கிறது. சரியாக விளிம்பில் ஓட்ட வேண்டாம், 55 டிகிரியை வரம்பாக வைத்தால் 100 மீட்டருக்குள் அடங்கும். இடமும் வலமும் சேர்த்துக் கிட்டத்தட்ட 240 மீட்டர் நீளம் கிடைக்கும். ஒரு மீட்டர் இறக்கை உள்ள ஃபோம் விமானத்துக்கு இது தாராளம். நடுவிலும் இரண்டு ஓரங்களிலும் உயரமான மூங்கிலில் சிவப்புத் துணி கட்டி 70 மீட்டர் தூரத்தில் நட்டுவிடுங்கள். துணி காற்றையும் காட்டும்.

பெட்டி சின்னது என்பதால் காற்றின் விளையாட்டு கூடுதலாகத் தெரியும். விநாடிக்கு 15 மீட்டர் போகிற விமானம், விநாடிக்கு 6 மீட்டர் காற்றில், காற்றோடு போகும்போது 240 மீட்டரை 11 விநாடியில் தாண்டிவிடும். எதிர்த்து வரும்போது அதே தூரத்துக்கு 27 விநாடி ஆகும். சாகச வரிசையை எழுதும்போதே இதை நினைத்து எழுதுங்கள். ரோல்களையும் தலைகீழ்ப் பறப்பையும் எதிர்க்காற்றில் வரும்படி வைத்தால் புதியவருக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்.

வரிசையை இரண்டாக எழுதுவது முக்கியம். நல்ல காற்றுக்கு முழு வரிசை: லூப், அரை கியூபன், ஸ்டால் டர்ன், தலைகீழ்ப் பறப்பு, இம்மெல்மன், மெதுவான ரோல், சுழன்றபடி கீழே விழும் ஸ்பின் என்று ஒன்பது பத்து உருவங்கள். மோசமான காற்றுக்குக் குறுகிய வரிசை: ஐந்து உருவங்கள், ஸ்பின் இல்லை, தரைக்குப் பக்கத்தில் முடிகிற எதுவும் இல்லை. இரண்டையும் சாகச உருவங்களைக் கோட்டுப் படமாகக் காட்டும் அரெஸ்டி குறியீட்டில் வரைந்து ஒரு மாதத்துக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். எந்தச் சுற்றுக்கு எந்த வரிசை என்பதை அந்தச் சுற்றின் முதல் விமானம் எழும்புமுன் அறிவிக்க வேண்டும், நடுவில் மாற்றவே கூடாது.

எழுதி வைக்க வேண்டிய விதிகள்

சண்டை வருவது எப்போதும் எழுதி வைக்காத விஷயத்தில்தான். காற்று எவ்வளவு அடித்தால் நிறுத்துவோம் என்பதை எண்ணாக எழுதுங்கள். எஃப்3ஏ விதியில், பறப்புக் கோட்டுக்குக் குறுக்கே வரும் காற்று 20 விநாடிக்குக் குறையாமல் விநாடிக்கு 7 மீட்டரைத் தாண்டினாலோ, மொத்தக் காற்று 12 மீட்டரைத் தாண்டினாலோ நிறுத்த வேண்டும். அதாவது மணிக்கு 25 கிலோமீட்டர் குறுக்கே, 43 கிலோமீட்டர் மொத்தம். அது 5 கிலோ எடை விமானத்தை வருஷக்கணக்கில் ஓட்டிப் பழகியவர்களுக்கு. நம் ஃபோம் விமானங்களுக்கும் புதியவர்களுக்கும் குறுக்கே 4, மொத்தம் 7 என்று வைக்கலாம் என்பது என் கணிப்பு. 20 விநாடி என்ற அளவை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு வீச்சுக்கெல்லாம் நிறுத்தினால் சுற்றே முடியாது.

குறுக்குக் காற்றைக் கணக்கிட எளிய வழி: காற்று கோட்டுக்கு 30 டிகிரி சாய்வாக வந்தால் அதன் வேகத்தில் பாதி குறுக்கே, நேர் குறுக்கே வந்தால் முழுசும். கையடக்கக் காற்றுமானியைக் கையில் பிடிக்காமல் 2 மீட்டர் உயரக் கம்பத்தில் கட்டுங்கள், பக்கத்தில் வண்டியோ பந்தலோ இல்லாமல். அதைப் பார்த்து எழுத ஒருவர் வேண்டும், அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது.

அப்புறம், நிறுத்தினால் என்ன ஆகும் என்பது. பறந்துகொண்டிருந்தவருடைய ஓட்டம் ரத்து, அவர் மறுபடி ஓட்டுவார். அவருக்கு முன் ஓட்டியவர்களின் மதிப்பெண் நிற்கும். காற்று குறைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அந்தச் சுற்றை முடிக்கவே முடியாமல் போனால் முழுச் சுற்றும் தள்ளுபடி, ஒருவர் பத்துக்குப் பத்து வாங்கியிருந்தாலும் சரி. இது வலிக்கும். 'ஓட்டினவங்களுக்கு மட்டுமாவது மார்க் வைங்க' என்று கேட்பார்கள். வைக்காதீர்கள். காலை ஏழு மணி அமைதியில் ஓட்டியவரையும் பத்தரை மணிக் காற்றுக்காகக் காத்திருந்து ஓட்டாமலே போனவரையும் ஒரே பட்டியலில் போடுவது நியாயமே இல்லை.

ஒரு சுற்று முடிந்தால் அதுவே முடிவு. இரண்டு முடிந்தால் இரண்டின் கூட்டல். மூன்று முடிந்தால் ஒவ்வொருவருக்கும் மோசமான ஒன்றை விட்டுவிடலாம். மாற்று நாளில் புதிதாகத் தொடங்காதீர்கள், முதல் நாளில் முழுசாக முடிந்த சுற்றுகள் அப்படியே கணக்கில் இருக்கட்டும். ஒரு சுற்றுகூட முடியாவிட்டால் நுழைவுக் கட்டணம் அடுத்த போட்டிக்குச் செல்லும் அல்லது திருப்பித் தரப்படும் என்றும் எழுதிவிடுங்கள்.

இதையெல்லாம் முடிவு செய்கிறவர் போட்டி இயக்குநர். அவர் போட்டியில் ஓட்டக் கூடாது. கிளப்பிலேயே நன்றாக ஓட்டுகிறவரை இயக்குநர் ஆக்கிவிட்டு அவரையே ஓட்டவும் சொல்வது நிறைய இடங்களில் நடக்கிறது, காற்று வந்த நேரத்தில் அவர் எடுக்கிற எந்த முடிவும் சந்தேகத்துக்கு இடமாகிவிடும்.

நேரக் கணக்கு

காலை ஆறரையிலிருந்து பத்து வரை நம்பலாம் என்று வையுங்கள், 210 நிமிடம். ஒருவர் வந்து நின்று, எழும்பி, வரிசையை முடித்து, இறங்க 6 நிமிடம். 14 பேர் என்றால் ஒரு சுற்றுக்கு 84 நிமிடம், இரண்டு சுற்றுக்கு 168, மிச்சம் 42 நிமிடம் மறு ஓட்டத்துக்கும் நிறுத்தங்களுக்கும். 20 பேரைச் சேர்த்தால் ஒரு சுற்றே இரண்டு மணி நேரம், இரண்டாவது சுற்று காற்றுக்குள் போய் மாட்டும். அதனால் 14 பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஆசையாகக் கேட்பவர்களை மறுப்பது கஷ்டம்தான், அவர்களை எழுத்தராகவும் நேரக் காப்பாளராகவும் சேர்த்துக்கொள்ளுங்கள், அடுத்த தடவை முதலிடம் கொடுங்கள்.

எப்போதும் ஒருவர் பறக்கும்போது அடுத்தவர் பேட்டரி மாட்டாமல், மற்ற எல்லாம் தயாராக, ஆயத்தக் கட்டத்தில் நிற்க வேண்டும். கூப்பிட்டு வராதவருக்கு இரண்டு நிமிடம், அதன்பின் பூஜ்யம். இதில் கறாராக இருந்தால்தான் சுற்று முடியும்.

ஓட்ட வரிசையைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். இரண்டாம் சுற்று ஆறாவது ஆளிலிருந்தும் மூன்றாம் சுற்று பதினொன்றாவது ஆளிலிருந்தும் தொடங்கட்டும். இல்லாவிட்டால் ஒரே ஆள் எல்லாச் சுற்றிலும் கடைசிக் காற்றில் மாட்டிக்கொள்வார்.

வானிலையைப் படிப்பது

வியாழன் சாயங்காலம் முதல் பார்வை. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட முன்னறிவிப்பு, விண்டி செயலியில் காற்று, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தானியங்கி வானிலை நிலையங்களில் உங்கள் வட்டாரத்து அளவு மூன்றையும் பாருங்கள். மூன்றும் ஒன்றாகச் சொன்னால் நம்பலாம், ஆளுக்கொன்று சொன்னால் இன்னும் முடிவெடுக்காதீர்கள். சனி இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு செய்தி: வரலாம், அல்லது மாற்று நாள். சேலத்திலிருந்தும் கரூரிலிருந்தும் கிளம்ப வேண்டியவர்கள் இருப்பார்கள், அந்த நேரத்தைத் தள்ளிப்போடக் கூடாது. ஞாயிறு காலை ஐந்தரைக்கு நிலத்தில் நிற்பவர் இன்னொரு செய்தி போடுவார், அது எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பதற்கு மட்டும்.

கைப்பேசியில் இல்லாத ஒரு கருவியும் நம்மிடம் இருக்கிறது. தூரத்தில் தெரியும் காற்றாலைகளைப் பாருங்கள். அவை சுழலத் தொடங்க விநாடிக்கு 3, 4 மீட்டர் காற்றாவது வேண்டும். ஒன்றிரண்டு பழுதாகி நிற்கலாம், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற எல்லாமே விடியற்காலையில் நின்றிருந்தால் மேலேயும் காற்று இல்லை. ஒவ்வொன்றாகச் சுழலத் தொடங்கினால் இன்னும் கொஞ்ச நேரத்தில் கீழேயும் வரும், சுற்றை வேகப்படுத்துங்கள். இறக்கைகள் எந்தப் பக்கம் முகம் திருப்பியிருக்கின்றனவோ அந்தப் பக்கமிருந்துதான் காற்று.

மேகமூட்டமான நாளில் இன்னொரு சிக்கல். வெள்ளை ஃபோம் விமானம் சாம்பல் வானத்தில் கரைந்துவிடும், மேல் பக்கம் எது, அடிப்பக்கம் எது என்று விமானிக்கே தெரியாமல் போகும். இறக்கையின் அடியில் கறுப்புப் பட்டையோ அடர் நீலப் பட்டையோ ஒட்டியிருக்க வேண்டும் என்று விதியில் சேர்த்துவிடுங்கள்.

இடி, மழை

காற்றுக்கு எண் இருக்கிறது, மின்னலுக்குப் பேரமே கிடையாது. திறந்த காட்டில் கையில் ஆண்டெனாவோடு நிற்கிறவர்தான் அந்த இடத்தில் உயரமான பொருள். மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்குங்கள், 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. பறப்பதை உடனே இறக்கி, எல்லோரும் கார், வேன், கான்கிரீட் கட்டடத்துக்குள் போக வேண்டும். மரத்தடி வேண்டாம், தகரப் பந்தல் வேண்டாம். கடைசி இடிச் சத்தத்திலிருந்து 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும், நடுவில் ஒரு இடி கேட்டால் மறுபடி முதலிலிருந்து 30. தாமினி செயலியை இயக்குநர் தன் போனில் வைத்திருந்தால் அருகில் மின்னல் விழுவதை முன்கூட்டியே எச்சரிக்கும்.

கோடை மழைக்கு முன்னால் வருகிற காற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். மழை இன்னும் ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதே அதிலிருந்து குளிர்ந்த காற்று தரையோடு புறப்பட்டு வந்து சேர்ந்துவிடும். புழுக்கம் சட்டென்று மாறிக் குளிர்ச்சி பட்டால், மண்வாடை வந்தால், தொலைவில் புழுதி எழும்பினால், காற்றுமானி காட்டும் வரை காத்திருக்காமல் இறக்குங்கள். அந்த அதிகாரம் இயக்குநருக்கு மட்டுமல்ல, காற்றைப் பார்க்கிறவருக்கும் பாதுகாப்பு அலுவலருக்கும் இருக்க வேண்டும். 'இறக்கு' என்று மூவரில் யார் சொன்னாலும் கேள்வி கேட்காமல் இறக்க வேண்டும்.

தூறலில் ஃபோம் விமானம் பறக்கும்தான். ஆனால் ரிமோட்டின் உள்ளே தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது, நடுவர்களின் மூக்குக் கண்ணாடியிலும் தூறல் விழும். தூறலுக்கே நிறுத்திவிடுங்கள். ஒவ்வொருவரும் ரிமோட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை கொண்டுவரட்டும், மதிப்பெண் தாள்களை மூடிபோட்ட பெட்டியில் வையுங்கள், நனைந்து மை கரைந்த தாளால் ஒரு சுற்றே போகும்.

நடுவர்களும் மதிப்பெண்ணும்

மூன்று நடுவர் போதும், ஐந்து பேர் கிடைத்தால் அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் விட்டுவிட்டு நடு மூன்றை எடுக்கலாம். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு எழுத்தர், நடுவர் கண்ணை வானத்திலிருந்து எடுக்கக் கூடாது. ஒவ்வொரு உருவத்துக்கும் பத்திலிருந்து குறைத்துக்கொண்டே வர வேண்டும், 15 டிகிரி கோணல் என்றால் ஒரு மதிப்பெண், அதற்குக் குறைவென்றால் அரை. பிறகு உருவத்தின் கடினத்துக்குரிய கே எண்ணால் பெருக்க வேண்டும்.

காற்று நாளில் நடுவர்களுக்குத் தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: பார்க்க வேண்டியது விமானத்தின் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அல்ல, அது வானத்தில் போட்ட கோட்டை. குறுக்குக் காற்றில் நேர்க்கோட்டில் போக வேண்டுமென்றால் மூக்கைக் காற்றுப் பக்கம் கொஞ்சம் திருப்பித்தான் ஓட்ட வேண்டும், அதற்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. லூப் வட்டமாக இருக்கிறதா, முட்டை மாதிரி காற்றோடு நகர்ந்துவிட்டதா என்பதுதான் கேள்வி. 'காத்து அடிச்சுது பாவம்' என்று இரக்கப்பட்டுக் கூடுதலாகப் போடுவதும் தவறு. காற்றைச் சமாளித்தவருக்கு அதனால் நஷ்டம்.

காற்றுக்கான நியாயத்தை நடுவர்கள் தர வேண்டியதில்லை, கணக்கு தரும். ஒவ்வொரு சுற்றிலும் அதிகம் வாங்கியவருக்கு 1000, மற்றவர்களுக்கு அதே விகிதத்தில். அமைதியான முதல் சுற்றில் முதல்வர் 300, காற்றடித்த இரண்டாம் சுற்றில் முதல்வர் 240 வாங்கினால் இருவருக்கும் 1000தான். இரண்டாம் சுற்றில் 210 வாங்கியவருக்கு 875. இப்படிச் செய்தால் மோசமான காற்றில் நன்றாக ஓட்டியதும் அமைதியில் நன்றாக ஓட்டியதும் சமமாக எண்ணப்படும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் பட்டியலை உடனே ஒட்டிவிடுங்கள், மழை எப்போது வேண்டுமானாலும் வரலாம், அடுத்த சுற்று நடக்காமல் போனாலும் முடிவு எல்லோர் கண்ணிலும் இருக்கும்.

நாள் முழுக்க

காலை வந்ததும் ஒவ்வொரு விமானத்தையும் எடை போட்டு, ரிமோட்டை அணைத்தால் மோட்டார் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காத விமானம் எவ்வளவு அழகானதாக இருந்தாலும் பறக்கக் கூடாது. காற்றில் த்ராட்டில், அதாவது மோட்டார் விசை, அதிகம் கேட்கும், ஆகவே நேரக் காப்பாளர் நான்காவது நிமிடத்தில் குரல் கொடுக்கட்டும், பேட்டரி தீர்ந்து பெட்டிக்கு வெளியே இறங்குவதைத் தவிர்க்கலாம். லித்தியம் பேட்டரிகளைச் சார்ஜ் போட நிழலில் தனி மேசை, பக்கத்தில் மணல் வாளி, கண்காணிக்க ஒருவர். பூட்டிய காருக்குள் வெயிலில் வைக்கவே கூடாது.

காத்திருக்கும் நேரத்தில்தான் மனம் சலிக்கும், சலித்தவர்கள்தான் ஓரமாகப் போய் 'சும்மா ஒரு ரவுண்டு' ஓட்டிப் பார்ப்பார்கள். நிறுத்த நேரத்தில் எந்த விமானமும் எழும்பக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, டீயும் கம்மங்கூழும் கொடுங்கள், அனுபவமுள்ளவர் யாரையாவது அடுத்த வரிசையைக் கையில் குச்சி விமானத்தோடு நடந்து காட்டச் சொல்லுங்கள். மணிக்கு ஒருமுறையாவது இயக்குநர் எழுந்து நின்று இப்போதைய நிலை, அடுத்து எப்போது பார்ப்போம் என்று சொல்ல வேண்டும். எதுவுமே சொல்லாமல் காக்கவைத்தால் ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுவார்கள், காற்று நிற்கும்போது ஓட்ட ஆள் இருக்காது.

எத்தனை மணிக்குக் கைவிடுவது என்பதையும் காலையிலேயே அறிவித்துவிடுங்கள். சாயங்காலம் நான்கரைக்குள் ஒரு சுற்றைத் தொடங்க முடியவில்லை என்றால் அன்றைக்கு முடிந்தது, 84 நிமிடச் சுற்று இருட்டுமுன் முடிய வேண்டும் அல்லவா.

கிளம்புமுன் இரண்டு வேலை. பயன்படுத்தாமல் முழுசாகச் சார்ஜ் ஏறி நிற்கிற பேட்டரிகளை, போட்டி தள்ளிப்போயிருந்தால் முக்கியமாக, ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவுக்கு இறக்கிவிடச் சொல்லுங்கள், அடுத்த ஞாயிறு வரை நிறைந்து கிடந்தால் உப்பிவிடும். அப்புறம் எல்லோரும் வரிசையாகக் கைகோத்து நிலம் முழுக்க நடந்து, உடைந்த ஃபோம் துண்டு, ஒடிந்த ப்ரொப்பெல்லர், கேபிள் டை, டேப் எல்லாவற்றையும் பொறுக்குங்கள். மறுநாள் அதே கொறங்காட்டில் மாடு மேயும், ஃபோம் துண்டைப் புல்லோடு சேர்த்துத் தின்றுவிடும். கிளுவை வேலி ஓரத்தையும் பாருங்கள், காற்று நாளில் பாதித் துண்டுகள் அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கும்.